எத்தனால் பெட்ரோலும் நம் வண்டியும்

எத்தனால் (கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோல் போட்டால் வண்டி கெட்டுப்போகுமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எந்த வண்டி, எவ்வளவு நாள் சும்மா நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

மைலேஜ் குறையும், அதில் சந்தேகம் வேண்டாம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலப்பில் சுமார் 3 சதவீதம் இறங்கும். டயரில் காற்றைக் கவனிக்காதவர்கள் இதற்குக் கோபப்படுவதுதான் வேடிக்கை.

உண்மையான தொல்லை ஈரம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு எரிபொருள் போவதும் அடியிலிருந்துதானே! மாதக்கணக்கில் நிறுத்திய பழைய பைக்கின் கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகத்தை, கழற்றிப் பாருங்கள்: கிண்ணத்தில் வெள்ளைப் பொடி, அடைத்துப்போன ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை), உப்பிய ரப்பர் வாஷர்.

தினமும் ஓடும் புது வண்டிக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆனால் எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று மேனுவலைப் பாருங்கள். பழைய வண்டியா? எத்தனால் தாங்கும் குழாய்களுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.