கல்லீரல் கட்டியில் மெத்தில் குறியைத் தேடிய அனுபவம்

வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் கல்லீரல் புற்றுநோயாளிகளின் கட்டியில், ராஸ்எஃப்1ஏ என்னும் புற்றடக்கி மரபணு (செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுப்பது), டி.என்.ஏ.வில் ஒட்டும் சிறு வேதித் தொகுதியான மெத்தில் குறியால் முடக்கப்பட்டிருக்கிறதா என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. இந்நோயில் அம்மரபணுவின் எழுத்து வரிசை பெரும்பாலும் சிதைவதில்லை. அதன் தொடக்கப் பகுதியில் டி.என்.ஏ. எழுத்துகளான சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களில் மெத்தில் தொகுதிகள் ஏறி, டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டின் இறுகி, ஆர்.என்.ஏ. படியெடுப்பு நின்றுபோகிறது. செல் பிரியும்போது மெத்தில் ஏற்றும் டி.என்.எம்.டி.1 நொதி புதிய இழையிலும் அதே குறியை ஏற்றிவிடுவதால், முடக்கம் செல்லின் வழித்தோன்றல்களிலும் தொடர்கிறது.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பிறகு நோயாளிகளிடம் ஒப்புதல் பெறும் வேலை தொடங்கியது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வருபவர்கள் இங்கு ஏராளம் என்பதால், படிவத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் ஆகிய மொழிகளில் அச்சிட்டோம். போளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கையெழுத்திடுமுன், "ஏம்மா, இது என் புள்ளைங்களுக்கும் வருமா?" என்று கேட்டார். "கட்டியில நாங்க பாக்குற இந்த மாற்றம் பிள்ளைங்களுக்குப் போகாதுங்க ஐயா, ஆனா உங்க ரத்தத்துல ஹெப்பாடைட்டிஸ் பி இருக்கிறதால, வீட்டுல எல்லாருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடுங்க, இல்லாதவங்களுக்கு ஊசி போட்டுக்கலாம்" என்றேன். படிவத்தில் எழுதியிருந்த எதையும்விட இந்தப் பதிலே அவருக்குத் தேவையாக இருந்தது என்று நினைக்கிறேன். அந்த வைரஸின் எக்ஸ் புரதம் மெத்தில் ஏற்றும் நொதிகளைத் தூண்டுகிறது என்பதும், எங்கள் மாவட்டங்களில் நிறைய விளையும் நிலக்கடலை ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்னும் நச்சு, மற்றொரு புற்றடக்கியான பி53 மரபணுவின் 249ஆம் கோடானில் (மூன்றெழுத்துக் குறியில்) பிழையை உண்டாக்கக்கூடியது என்பதும், ஒரே உறுப்பை வெவ்வேறு வழிகளில் தாக்கும் இரு காரணங்கள்.

திசுக்கள் பாரஃபின் மெழுகில் பதித்த பாளங்களாகவே கிடைத்தன. நோய்க்குறியியல் மருத்துவர் சாயமேற்றிய கண்ணாடிச் சில்லில் புற்றுப் பகுதியைப் பேனாவால் வட்டமிட்டுத் தருவார். அந்த வட்டத்துக்கு நேராகச் சாயமேற்றாத சீவல்களிலிருந்து மட்டும் பிளேடால் சுரண்டி எடுப்பேன். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறிய டி.என்.ஏ. துண்டு துண்டாக இருக்கும் என்பதால், டி.என்.ஏ.வைப் பலமடங்கு பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு, குறுகிய பகுதியைப் பெருக்கும் ப்ரைமர்களையே (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதன் பிறகு வருவதுதான் பைசல்ஃபைட் மாற்றம், அதாவது மெத்தில் குறி உள்ள இடங்களையும் இல்லாத இடங்களையும் பிரித்துக் காட்டும் வேதிவினை. மெத்தில் ஏறாத சைட்டோசின் யூரசிலாக மாறும், மெத்தில் ஏறியது மாறாது. இந்த வினையைக் கொண்டு மெத்தில் குறியைப் படிக்கும், 1992இல் வெளியான முறையும், 1996இல் அதன்மேல் எழுந்த மெத்தில் சார்ந்த பி.சி.ஆரும் இத்துறையின் அடித்தளம். இழைகள் முழுமையாகப் பிரிந்திருந்தால்தான் வினை நடக்கும் என்பதால், சோடியம் ஹைட்ராக்சைடையும் பைசல்ஃபைடையும் அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்து, குழாய்களை வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, இரவு முழுவதும் சூட்டில் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால், இந்த வேலையை யூ.பி.எஸ். இணைப்புள்ள மேசையில் மட்டுமே செய்தோம். மாற்றம் அரைகுறையாக நின்றால், மெத்தில் ஏறாத சைட்டோசினும் ஏறியதைப் போலவே தோன்றி, இல்லாத முடக்கத்தை இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே மாறாத டி.என்.ஏ.வை மட்டும் பெருக்கும் ப்ரைமர் ஜோடி ஒன்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்டினேன். பாக்டீரிய மெத்திலேஸால் முழுக்க மெத்தில் ஏற்றிய டி.என்.ஏ. ஒரு பக்கமும், ஆரோக்கியமானவரின் ரத்த டி.என்.ஏ. மறுபக்கமும், குறி இருப்பதற்கும் இல்லாததற்கும் சான்றாக நின்றன. இவை இல்லாத ஜெல் படத்தை (பெருக்கிய டி.என்.ஏ. பட்டைகளாகத் தெரியும் படம்) நான் நம்புவதில்லை. இந்த ஆய்வைத் தொடங்குபவர்களும் நம்பக் கூடாது.

ஜெல்லில் பல கட்டிகளில் மெத்தில் பட்டை தெளிவாகத் தெரிந்தது. என்னை நீண்ட நாள் நிறுத்தி வைத்தது, "இயல்பான திசு" என்று பெயரிட்டு ஒப்பிட எடுத்திருந்த, கட்டிக்குப் பக்கத்துத் திசு. அவற்றில் சிலவற்றிலும் அதே பட்டை மங்கலாக இருந்தது. சிரோசிஸ் (தழும்பேறி இறுகும் நோய்) கண்ட கல்லீரலில் கட்டி தோன்றுமுன்பே மெத்தில் குறி விழத் தொடங்கிவிடும். அத்தகைய திசுவை இயல்பானது என்று அழைப்பதே பிழை. பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமிருந்து, கட்டிக்கு அப்பாலுள்ள வைரஸ் தொற்றில்லாத ஓரத் திசுவை, உரிய ஒப்புதலுடன் சேகரித்து ஒப்பீட்டை மறுபடியும் செய்தோம். அதற்குப் பிறகே சிரோசிஸ் திசுவைத் தனிப் பிரிவாக வைத்து எழுத முடிந்தது.

கடைசிக் கட்டமாக, ஆய்வகத்தில் வளர்த்த கல்லீரல் புற்றுச் செல்களில், மெத்தில் ஏற்றும் நொதியைத் தடுக்கும் டெசிட்டபைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தோம். அம்மருந்து கரைசலில் விரைவில் சிதைவதால் ஊடகத்தைத் தினமும் மாற்ற வேண்டும். செல்கள் சில முறை பிரிந்தால்தான் குறி தேய்ந்து, நின்றுபோன ஆர்.என்.ஏ. மறுபடியும் தோன்றும். அது தோன்றியது. டெசிட்டபைன் ரத்த நோயான மைலோடிஸ்பிளாஸ்டிக் கோளாறுக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. கல்லீரல் புற்றுக்கு அது வழக்கமான சிகிச்சை அல்ல என்பதை என் ஆய்வேட்டிலும் தெளிவாக எழுதியிருக்கிறேன், என்னிடம் கேட்கும் நோயாளிகளின் உறவினர்களிடமும் அதையே சொல்கிறேன்.