அம்மாவின் முள்ளந்தண்டைப் பார்த்த மூன்று படங்கள்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுச் சில ஆண்டுகள் நலமாக இருந்த என் அம்மாவுக்கு, படுத்தால் கூடுகின்ற, இரவில் நித்திரையைக் குலைக்கின்ற முதுகு நோ தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக் கிளினிக்கில் அவரைப் பார்த்த வைத்தியர், நோய் முள்ளந்தண்டுக்குப் பரவியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டுமென்றார். ஒவ்வொரு படமும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று விளங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் பதற்றம் தணிந்தது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் வயதுக்குரிய தேய்மானம் மட்டுமே தெரிந்தது. நாங்கள் ஆறுதலடைந்தாலும் வைத்தியர் அதை நம்பி விடவில்லை. ஓரிடத்து என்பின் கனிமம் 30 முதல் 50 சதவீதம் வரை அழிந்த பின்னரே எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியும் என்றார்.

அடுத்தது எலும்பு ஸ்கான். அதற்காக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணித்து, கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சென்றோம். ரெக்னீசியம் என்ற, சிறிதளவு கதிர்வீச்சை வெளியிடும் பொருள் சேர்ந்த மருந்தை நாளத்தில் ஏற்றி, அது என்புகளில் படியும்வரை சில மணி நேரம் தண்ணீர் குடித்துக் காத்திருந்து, சிறுநீர் கழித்த பின்னரே படம் எடுத்தார்கள். உடல் முழுவதையும் ஒரே தடவையில் பார்க்கலாம் என்பது இதன் பெரும் பலம். ஆனால் என்பு புதிதாக உருவாகும் இடமெல்லாம் மருந்து சேரும். மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும் கூடப் புற்றுநோயைப் போலவே தோன்றலாம். அம்மாவுக்கு முதுகின் நடுவில் ஒன்றும் நாரியில் ஒன்றுமாக இரண்டு இடங்கள் தெரிந்தன. அவை எவை என்று அந்தப் படத்தால் சொல்ல முடியவில்லை.

வலிமையான காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. தான் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. புற்றுநோய்க் கலங்கள் பெரும்பாலும் முதலில் குடியேறுவது என்பின் உள்ளே இருக்கும் மென்மையான மச்சையில், எம்.ஆர்.ஐ. அந்த மச்சையையே நேராகப் பார்க்கிறது. முதிர்ந்தவர்களின் மச்சையில் கொழுப்பு மிகுதி என்பதால் ஒருவகைப் படத்தில் அது வெளிறித் தெரியும். நோய் அவ்விடத்தைப் பிடித்தால் கறுத்துப்போகும். நாரியில் இருந்தது தேய்மானம் என்றும், நடுமுதுகில் இருந்தது பரவல் என்றும், அது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணை இன்னும் நெருக்கவில்லை என்றும் அறிக்கை சொன்னது. நோகும் இடத்தை மட்டும் எடுக்காமல் முள்ளந்தண்டு முழுவதையும் எடுக்கச் சொன்னது எவ்வளவு சரியென்று பிறகு உணர்ந்தேன், ஏனெனில் இந்நோய் ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்கக்கூடும். நீண்ட நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டியிருந்ததால், முன்கூட்டியே நோவு மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுத்தோம். இதயமுடுக்கியோ உடலில் உலோகமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சி.ரி. ஸ்கான் என்பின் உறுதியை நன்கு காட்டும் என்றாலும் மச்சையின் தொடக்க மாற்றங்களைத் தவறவிடலாம். புற்றுநோய்க் கலங்கள் உயிர்ப்புடன் இருக்கும் இடங்களைக் காட்டும் பெற் ஸ்கான் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அம்மாவுக்குத் தெல்லிப்பழையிலேயே கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியது. கால்கள் பலமிழந்தாலோ விறைத்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமற்போனாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுவரும்படி எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.