பன்னிரண்டு மரத்துண்டும் தப்பாகப் பிரித்த ஒரு சொல்லும்

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. பென்டோமினோ துண்டுகள் பன்னிரண்டும் இன்று சாயங்காலம்தான் முடிந்தன. ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்தால் என்னென்ன வடிவம் வருமோ, அத்தனையும். சுழற்றியோ கவிழ்த்தோ வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றைத் தனியாக எண்ணக் கூடாது. ஒரு சதுரம் 2 செ.மீ., பலகை 6 மி.மீ. ப்ளைவுட்.

முதலில் அறுத்தது வீணாகிவிட்டது. கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டியதில், ரம்பம் தின்றது போக ஒவ்வொரு துண்டும் இளைத்துவிட்டது. அடுத்த தடவை கோட்டுக்கு வெளியே அறுத்து, உப்புத்தாளால் கோடு வரை தேய்த்தேன். கூட்டல் குறி போன்ற துண்டின் நான்கு உள்மூலைகளுக்கே ஒரு மத்தியானம் போய்விட்டது.

தேய்க்கும்போதெல்லாம் மனதில் ஓடியது இந்தப் பெயர்தான். கணிதவியலாளர் சாலமன் கோலம்ப் 1953இல், ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த கணித மன்றத்தில் பேசிய உரையில் 'பாலியோமினோ' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். டோமினோ என்பது இரண்டு சதுரம் சேர்ந்த கட்டை. முதலில் நிற்கும் 'ட்' ஒலியை, இரண்டு என்று பொருள்படும் கிரேக்க 'டை' போலப் பாவித்துக் கழற்றிவிட்டார். மீதி 'ஓமினோ'. அதன் முன்னால் கிரேக்க எண்களை ஒட்ட, ட்ரோமினோ, டெட்ரோமினோ, பென்டோமினோ எல்லாம் வரிசையாக வந்தன. 'பாலி' என்றால் பல.

ஆனால் டோமினோவுக்கும் இரண்டுக்கும் வேரில் உறவே கிடையாது. அந்தப் பெயரில் முக்காடு வைத்த ஓர் அங்கி இருந்தது. அதற்கும் பின்னால் இருப்பது தலைவன் என்று பொருள்படும் லத்தீன் 'டோமினுஸ்'. பதம் பிரித்த இடம் தப்பு. இருந்தாலும் எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பெயரைச் சொன்னதுமே கையில் எத்தனை சதுரம் என்று தெரிந்துவிடுகிறது. 1984இல் வந்த டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டின் பெயரில் இருப்பதும் நான்கைக் குறிக்கும் அதே 'டெட்ரா'தான்.

மிச்சப் பலகையில் டெட்ரோமினோ ஐந்தையும் அறுத்தேன். மொத்தம் 20 சதுரம், ஆகவே 4×5 பெட்டி நிரம்ப வேண்டுமே என்று ஒரு ராத்திரி முழுக்க முயன்றேன். நிரம்பவில்லை. அப்புறம் பெட்டியில் சதுரங்கப் பலகை போலக் கருப்பு வெள்ளை அடித்துப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பெட்டியில் இரண்டு நிறமும் பத்துப் பத்து. நான்கு துண்டுகள் இரண்டுக்கு இரண்டாக மூடுகின்றன; டி வடிவத் துண்டு மட்டும் மூன்றுக்கு ஒன்று. கூட்டினால் 11, 9. எப்படி அடுக்கினாலும் ஆகாது.

பென்டோமினோவுக்கு 6×10 தட்டில் 2339 வழிகள் உண்டு. எனக்கு இதுவரை ஒன்று கிடைத்தது. 3×20இல் இரண்டே இரண்டு வழிதான். அதற்கான நீளத் தட்டுக்குச் சட்டம் அறுத்து வைத்திருக்கிறேன். பசை இன்னும் காயவில்லை.