பழைய கலர் புரொடக்ஷன் பிரிண்டர் வாங்கப் போகிறவர் கையோடு கொண்டுபோக வேண்டிய தாள்

பழைய கலர் மிஷினை விலை பேசப் போகிறவர் முதலில் கேட்பது, "கவுண்டர் எவ்வளவு ஓடியிருக்கு?" அதாவது, இதுவரை எத்தனை பக்கம் அச்சிட்டிருக்கிறது என்று. 10 லட்சம் ஓடியது ஒன்று, 30 லட்சம் ஓடியது ஒன்று என்று இரண்டு இருந்தால் கை தானாக 10 லட்சத்தின் பக்கம் போகும். ஆனால் இந்த ரக மிஷினில் சட்டமும் மோட்டார்களும் அவ்வளவு சீக்கிரம் ஓய்வதில்லை. தேய்வது டிரம் (படம் உருவாகும் உருளை), டெவலப்பர் (டோனர் என்ற அச்சுத்தூளை டிரம்முக்குக் கொண்டுசேர்க்கும் கலவை), டிரான்ஸ்ஃபர் பெல்ட் (கலர்களைத் தாளுக்குக் கடத்தும் பட்டை), ஃபியூசர் (டோனரைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளில் ஒட்டவைக்கும் பகுதி). நாலு கலர் என்பதால் டிரம்மும் டெவலப்பரும் தலா நான்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற நேர்ந்தால் அந்தச் செலவு மிஷின் விலையை எட்டிப்பிடிக்கும். 30 லட்சம் ஓடியிருந்தாலும் போன மாதம்தான் டிரம்மும் பெல்ட்டும் மாறியிருக்கிறது என்றால், பாகங்கள் எல்லாம் 90 சதவீதம் தீர்ந்த 10 லட்சத்து மிஷினைவிட அது மலிவாகவே முடியும்.

ஆகவே கேட்க வேண்டியது, ஒவ்வொரு பாகமும் இதுவரை எவ்வளவு ஓடியது, அதன் வரம்பு எவ்வளவு என்று காட்டும் பக்கம். சர்வீஸ் மெனுவிலிருந்து அதை அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அதிலும் ஒரு சூது உண்டு. பாகத்தை மாற்றாமலே கவுண்டரை மட்டும் பூஜ்ஜியமாக்கிவிட முடியும். நாலு டிரம்மும் ஃபியூசரும் ஒரே நாளில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு டிரம்மை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புது டிரம் கண்ணாடி மாதிரி இருக்கும், பழையதில் சுற்றிலும் மெல்லிய வளையக் கீறல்கள் தெரியும். பார்த்ததும் கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள், வெளிச்சம் பட்டால் அதன் பூச்சு கெடும். அப்படியே டெவலப்பர் யூனிட்டுகளின் அடியிலும் எட்டிப் பாருங்கள். டோனர் தூள் குவிந்து கிடந்தால் டெவலப்பர் வலுவிழந்துவிட்டது.

கவுண்டரைத் திருத்தலாம், அச்சான தாளைத் திருத்த முடியாது. நீங்கள் தினமும் ஓட்டப்போகும் தாளையே கொண்டுபோங்கள்: எஸ்ஆர்ஏ3 அளவில் (320 x 450 மி.மீ., ஏ3-ஐவிடச் சற்றுப் பெரியது) 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு 100, 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் 50, ஸ்டிக்கர் வேலை எடுப்பவரானால் ஸ்டிக்கர் ஷீட் 20. பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் போதும். சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு நான்கும் தனித்தனிப் பக்கமாக, தாள் முழுக்க 30 சதவீத நிறத்தில் ஒன்று, 60 சதவீத நிறத்தில் ஒன்று. சயான், மெஜன்டா, மஞ்சள் மூன்றை மட்டும் கலந்த சாம்பல் ஒரு பக்கம். அடர்த்தியான முழுக் கறுப்பு ஒரு பக்கம். கடைசியாக, நாலு மூலையிலும் சிலுவைக் குறி போட்ட இருபக்க அச்சு.

ஒரே புள்ளி தாளில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா? அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து 3.14-ஆல் வகுத்தால் குற்றவாளி உருளையின் விட்டம் கிடைத்துவிடும். 94 மி.மீ. என்றால் 30 மி.மீ. உருளை, 188 மி.மீ. என்றால் 60 மி.மீ. உருளை. அது டிரம்மா ஃபியூசரா என்று அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்லும்.

தாள் போகும் திசையிலேயே வெளிறிய கோடு விழுந்தால் பயந்து ஓட வேண்டாம். லேசர் கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம், துடைத்தால் சரியாகும். டிரம்முக்கு மின்னேற்றம் தரும் சார்ஜ் கம்பி அழுக்கானாலும் கோடு வரும், அதுவும் சின்ன வேலைதான். முழுக் கறுப்புப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பளபளப்பைப் பாருங்கள். இரு ஓரத்திலிருந்தும் சுமார் 11 மி.மீ. உள்ளே நீளக் கோடு தெரிந்தால், 297 மி.மீ. அகலத் தாளையே லட்சக்கணக்கில் ஓட்டியதில் தாளின் விளிம்பு ஃபியூசர் பெல்ட்டை அரித்திருக்கிறது. ஏ4-ஐ நீளவாக்கில் ஓட்டியிருந்தால் அதே கோடு ஓரத்திலிருந்து 55 மி.மீ. உள்ளே வரும். எது வந்தாலும் புது ஃபியூசர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

மூன்று கலர் சாம்பலில் முதல் தாளையும் நூறாவது தாளையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்று சிவப்பேறியும் மற்றது பச்சையேறியும் நின்றால், கலர் நிலையாக இல்லை. விசிட்டிங் கார்டு வேலையில் இதுதான் வாடிக்கையாளரைத் துரத்தும்.

இருபக்க அச்சை விளக்கில் பிடித்துப் பாருங்கள். முன்பக்கக் குறியும் பின்பக்கக் குறியும் விலகியிருப்பது தவறே இல்லை. முதல் பக்கம் சூடேறியதும் தாள் கொஞ்சம் சுருங்கும், அதைச் செட்டிங்கில் சரிசெய்யலாம். 20 தாளை எடுத்து, விலகல் எல்லாவற்றிலும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் மிஷின் நல்லது. தாளுக்குத் தாள் அலைந்தால் உருளைகள் தேய்ந்திருக்கின்றன, அதை எந்தச் செட்டிங்கும் பிடித்து நிறுத்தாது.

300 ஜிஎஸ்எம்மை நிறுத்தாமல் ஓட்டும்போது வேகத்தையும் கவனியுங்கள். கோனிகா மினோல்டா சி1070 நிமிடத்துக்கு 71, ரிக்கோ ப்ரோ சி5100எஸ் 65 என்பதெல்லாம் ஏ4 கணக்கு. ஏ3-க்குப் போனால் ஏறக்குறையப் பாதி, கனத்த தாளில் பல மாடல்கள் இன்னும் இறங்கும். வந்த தாளை மடித்து மடிப்பை நகத்தால் தேயுங்கள். கொஞ்சம் வெடிப்பது இயல்பு, டோனர் செதில் செதிலாக உதிர்ந்தால் ஃபியூசர் சூடோ அழுத்தமோ போதவில்லை.

மிஷினை மட்டும் பார்த்துக் கன்ட்ரோலரை, அதாவது ஃபைலை அச்சுக்குத் தயார்செய்து மிஷினுக்கு அனுப்பும் கம்ப்யூட்டரை, மறப்பவர்கள் அதிகம். ஃபியரி மாதிரி சர்வரோடு வந்தால் அட்மின் பாஸ்வேர்டு, மறுபடி நிறுவும் டிஸ்க்குகள், லைசன்ஸ் டாங்கிள் (மென்பொருள் ஓட மாட்ட வேண்டிய சின்னச் சாவிக் கருவி), கலர் அளக்கும் கருவி எல்லாம் கூடவே வர வேண்டும். அதன் மென்பொருள் பதிப்பு உங்கள் கம்ப்யூட்டரின் விண்டோஸுக்கோ மேக்குக்கோ ஒத்துவருமா என்பதையும் அன்றே பாருங்கள். ஹார்டு டிஸ்க் செத்து டிஸ்க்குகளும் இல்லையென்றால் நல்ல மிஷின் சும்மா நிற்கும்.

டோனரில் ஒரு பொறி. சில கம்பெனிகளின் டோனர் சிப் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், சர்வீஸ் ஒப்பந்த டோனரும் கடை டோனரும் தனித்தனி. வேறு நாட்டிலிருந்து இறக்கிய மிஷின் என்றால், உங்களுக்குக் கிடைக்கும் டோனர் பாட்டில் ஒன்றை மாட்டி ஏற்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அதன் பிளேட்டில் உள்ள வோல்ட், ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். தனி லைனும் நல்ல எர்த்தும் தேவைப்படும்.

செலவுக் கணக்கில் டோனர் பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் ஏ4 தாளில் ஒவ்வொரு கலரும் 5 சதவீத இடத்தை மட்டுமே நிரப்பும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நோட்டீஸ், மெனு, படம் எல்லாம் 20 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும். ஏ3 என்றால் அதுவே இரட்டிப்பு. இதோடு ஒவ்வொரு பாகத்தின் விலையையும் அதன் ஆயுளால் வகுத்துக் கூட்டினால்தான் ஒரு தாளின் உண்மை விலை.

நாள் முழுக்க ஒன்று, இரண்டு தாள் வேலையே வருகிறவருக்கு இந்த மிஷின் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் டிரம் சும்மா சுற்றும். 500 தாளை ஒரே மூச்சில் ஓட்டுவதைவிட, ஒவ்வொன்றாக 500 தடவை ஓட்டினால் பாகம் வேகமாகத் தீரும். அவர்களுக்கு ஏ3 ஆபீஸ் மிஷினே போதும்.

எடுத்துவரும் நாளில் டெவலப்பர் யூனிட்டுகளைக் கழற்றித் தனியாகக் கட்டி, போக்குவரத்துப் பூட்டுகளைப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். சாய்த்தால் டோனர் உள்ளே கொட்டும். இறக்கி வைத்த அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும், தாளும் ஒரு நாள் முன்பே அந்த அறைக்கு வந்துவிடட்டும். தரை மட்டம் பார்த்து, ரிஜிஸ்ட்ரேஷனும் (அச்சு சரியான இடத்தில் விழுவது) அடர்த்தியும் புதிதாகச் சரிசெய்த பிறகு அதே பிடிஎஃப்பை இன்னொரு தடவை ஓட்டி, வாங்கும் முன் எடுத்த தாள்களோடு ஒப்பிடுங்கள்.