மார் லாட்ஜில் மூன்று நாள்

அக்டோபர் 11, 2019, வெள்ளி. பிரேமார்

எஸ்டேட்டுக்குப் போகிறேன் என்று நேற்றே அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன். தேயிலையா காப்பியா என்று கேட்டாள். கல்லிடைக்குறிச்சிக்காரிக்கு எஸ்டேட் என்றால் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம்தான். இரண்டும் இல்லை, மலையும் மானும்தான் என்றேன். பிறகு அதற்கு ஏன் எஸ்டேட் என்று பெயர் என்றாள். நியாயமான கேள்வி. இங்கே ஸ்காட்லாந்தில் எஸ்டேட் என்றால் ஒரு பிரபுவின் நிலம், அவ்வளவுதான். அதில் ஒன்றும் விளைய வேண்டும் என்பதில்லை.

இந்த மார் லாட்ஜ் எஸ்டேட்டில் இப்போது பிரபு இல்லை. 1995இல் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை வாங்கிவிட்டது. 72,000 ஏக்கருக்கு மேல். மூவாயிரம் அடியைத் தாண்டிய சிகரங்களே பதினைந்து. 2017இல் முழுவதையும் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். பிரிட்டனிலேயே பெரியது.

அபர்டீனிலிருந்து டீ ஆற்றங்கரையோடு கார் ஓட்டி வந்தேன். உடன் அக்காள் மகன். இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, சுத்த சைவம், எதற்கும் வாதாடுவான். தங்கிய அறையில் ஹீட்டர் உறுமுகிறதே தவிரச் சூடு வரவில்லை. 1895இலும் 1982இலும் மைனஸ் 27.2 டிகிரி பதிவான ஊர் இது. அந்த எண்ணை இரவில் அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. இருந்த இரண்டு கம்பளியையும் அவனே எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் 12, சனி

லின் ஆஃப் டீயில் காரை நிறுத்தினோம். அதுவரை அகலமாக வரும் ஆறு அங்கே பாறை இடுக்கில் நுழைந்து, ஒரே தாவில் தாண்டிவிடலாம் என்று ஆசைகாட்டும் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. ஆசைப்படக் கூடாது, பாறை வழுக்கும். மேலே உள்ள கல்பாலத்தை 1857இல் விக்டோரியா ராணி திறந்துவைத்தாராம். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

லூயி பள்ளத்தாக்கு வழியாக டெரி லாட்ஜ் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர். பாதி தூரம் மொட்டை வெளி. அழகுதான், ஆனால் இது பசுமை தேய்ந்துபோன அழகு என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. புல்லுக்குள் வரிசையாகக் கற்கள் கிடந்தன. வீடுகளின் அடித்தளம். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிருந்த குடிகளை நிலக்காரர்கள் வெளியேற்றியிருக்கிறார்கள். ஒரு வீட்டின் வாசற்கல் மட்டும் இருந்த இடத்திலேயே, நடுவில் சற்றுத் தேய்ந்து இருந்தது. படமெடுத்துக்கொண்டேன்.

டெரி அருகே பழைய பைன் மரங்கள். இருநூறு, முந்நூறு வயது. செந்நிறப் பட்டை, கோணல் கிளை. பாட்டி மரம் என்றே இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பாட்டிகள் மட்டும் இருக்கும் ஊரைப் போல, நடுவயது மரத்தையே காணோம். பாட்டிக்கு அடுத்தது நேராகப் பேரன்தான்: ஹெதர்ப் புதருக்குள் இடுப்பளவு, முழங்காலளவுக் கன்றுகள். ஒரு தலைமுறையையே மான்கள் மேய்ந்துவிட்டன. விதை விழாமல் இல்லை. முளைத்ததை எல்லாம் குளிர்காலத்தில் கடித்துவிட்டன.

ஒரு கன்றின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பைன் ஆண்டுக்கு ஒரு சுற்றுக் கிளை விடும். சுற்றுகளை எண்ணினால் வயது தெரியும். இந்தக் கன்றில் மேலே பதினொரு சுற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, ஒழுங்காக எண்ண முடிந்தது. அதற்குக் கீழே, தரையோடு தரையாக, எண்ணவே முடியாத ஒரு முடிச்சு. கடி வாங்கி, பக்கத்தில் துளிர்த்து, மறுபடி கடி வாங்கி, விரல் உயரத்திலேயே எத்தனையோ ஆண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடி நின்ற ஆண்டில் எழுந்திருக்கிறது. யாரும் நடவில்லை, வேலியும் இல்லை. வேலி போட்டால் தாழப் பறக்கும் காட்டுக்கோழிகள் கம்பியில் மோதிச் சாகுமாம்.

அப்படியென்றால் கடி எப்படி நின்றது என்று மருமகன் கேட்டான். சுட்டுவிட்டார்கள் என்றேன்.

திரும்பும் வழி முழுவதும் அவன் பேசவில்லை. அவனுக்குப் பதிலாக மலைச்சரிவில் கலைமான் ஒன்று பேசிக்கொண்டே வந்தது. இது அவற்றின் இணைசேரும் பருவம். காளை முக்காரமிடுவது போல, ஆனால் தொண்டை கட்டிய காளை.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் மார் லாட்ஜ் மாளிகை. ஃபைஃப் கோமகனுக்கும் அவர் மனைவி இளவரசி லூயிஸுக்கும் கட்டியது. இளவரசியின் பாட்டியான விக்டோரியா 1895இல் அடிக்கல் நாட்டினார். பின்னால் இருக்கும் நடன மண்டபத்துக்குள் நுழைந்ததும் மருமகன் வாசலிலேயே நின்றுவிட்டான். சுவரெல்லாம், உத்தரமெல்லாம் மண்டையோட்டோடு கொம்பு. 2,400க்கும் மேல். இதன் கீழேதான் ஆடியிருக்கிறார்கள்.

அவனுடைய வாதம்: அன்றைக்குப் பொழுதுபோக்குக்குச் சுட்டார்கள், இன்றைக்குக் காட்டுக்காகச் சுடுகிறார்கள், மானுக்கு என்ன வித்தியாசம்? மானுக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் அன்றைக்குச் சுடுவதற்காகவே மானைப் பெருக விட்டார்கள், அதனால்தான் காடு போயிற்று. ஓநாயும் இல்லாத மலையில் மானைக் குறைக்க வேறு யார் இருக்கிறார்கள்? இதைச் சொன்னேன். வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்தேன். அப்படியானால் ஓநாயைக் கொண்டுவரட்டும் என்றான். எஸ்டேட்டின் ஒரு பகுதியில் இன்றும் பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடுகிறார்கள் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

மாலையில் வழியில் ஒரு வெள்ளை மட்டக்குதிரையை நடத்திக்கொண்டு ஒருவர் வந்தார். குதிரையின் முதுகில் ஒரு மான், கால்கள் கட்டப்பட்டு, தலை தொங்க. கொம்பு குதிரையின் வயிற்றில் குத்தாதபடி திருப்பிக் கட்டியிருந்தார். வணக்கம் சொன்னார். மருமகனும் பதிலுக்குச் சொன்னான். குதிரையின் கழுத்தை மட்டும் தடவிக்கொடுத்தான்.

அக்டோபர் 14, திங்கள். அபர்டீன்

விடாத மழை. எங்கும் இறங்காமல் திரும்பிவிட்டோம். புளியோதரை இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது.

இரவு அம்மாவுடன் பேசினேன். காடு திரும்பி வருகிறது என்று சொன்னேன், கன்றின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே இருந்த சனங்கள் எங்கே போனார்கள் என்றாள். மாஞ்சோலைக் குத்தகை 2028இல் முடிகிறது. அவளுடன் பள்ளியில் படித்தவர்கள் இன்னும் அங்கே லயன் வீடுகளில் இருக்கிறார்கள்.

வாசற்கல் படத்தை அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் போல. சற்று நேரம் கழித்து, அடுப்படி எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கேட்டாள்.