எலிசபெத் டில்லி யார் மகள்?

இரண்டு நாளாக எலிசபெத் டில்லியின் பின்னால் அலைகிறேன். 1620இல் ஆங்கிலேயக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போய் இறங்கிய 13 வயதுப் பெண். முதல் குளிர்காலத்திலேயே அப்பா, அம்மா, கூட வந்த சித்தப்பா, சித்தி எல்லோரும் போய்விட்டார்கள். பிறகு ஜான் ஹவ்லண்டைக் கட்டிக்கொண்டாள். பயணத்தில் கடலில் தவறி விழுந்து, கப்பல் கயிற்றைப் பிடித்துத் தப்பினாரே, அவர்தான். 10 பிள்ளைகள். பத்தும் பிழைத்தன, அந்தக் காலத்தில்!

வேடிக்கை என்னவென்றால், இவளை அந்தக் குடியேற்றத்தின் (பிளிமத்) முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்றே சந்ததியினர் வெகுகாலம் நம்பியிருக்கிறார்கள். (பெரிய இடத்துச் சம்பந்தம் யாருக்குக் கசக்கும்?) 1855இல் லண்டன் ஃபுல்ஹாம் அரண்மனை நூலகத்தில் அதே கப்பலில் வந்து பின்னாளில் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அதில் போகிறபோக்கில் ஒரு வரி: ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகளை. கார்வர் கதை அத்தோடு சரி.

அப்புறம் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேடு. எலிசபெத்தின் ஞானஸ்நானம் 1607 ஆகஸ்ட் 30. தாய் ஜோன் ஹர்ஸ்ட், டில்லியை மணக்கும் முன்பே விதவை.

அமெரிக்க அதிபர்களான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ்களும் இவள் வழி வந்தவர்கள்தான். எனக்கென்னவோ ஜோனின் முதல் கணவர் மேல்தான் இப்போது கண்.