கொடுத்தது 7.4, தங்கியது எவ்வளவு?

மருத்துவ இயற்பியலில் முதுகலை படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதிர்மருந்துப் புற்றுநோய் சிகிச்சையின் டோஸ் கணக்கைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நானும் அப்படித் திருப்பியவள்தான். அதற்கு விலையாக முதல் தேர்வில் ஒரு முழுக் கேள்வியின் மதிப்பெண் போனது.

கேள்வி இதுதான். நியூரோ எண்டோகிரைன் கட்டி உள்ள நோயாளிக்கு லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய மருந்து 7.4 கிகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அளவு) கொடுக்கிறார்கள். அதில் 3 விழுக்காடு சிறுநீரகங்களில் சேர்கிறது. அங்கே அதன் பயனுறு அரை ஆயுள், அதாவது உறுப்பில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 52 மணி. இரு சிறுநீரகங்களின் மொத்த எடை 310 கிராம். சிறுநீரகம் வாங்கும் டோஸ் என்ன? நான் 14 கிரே என்று எழுதினேன் (ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் ஒரு கிரே). லுட்டீசியத்தின் அரை ஆயுள் 6.65 நாள் என்று மனப்பாடமாகத் தெரியும், அதையே போட்டுவிட்டேன். கேள்வியில் 52 என்று கொடுத்திருந்ததைப் பார்த்தும் அது எதற்கு என்று புரியவில்லை.

தேர்வு முடிந்து மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்தேன். எங்கள் தோட்டத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனைதான். அப்பா முப்பது வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். சாப்பாட்டு மேசையில் நான் தாளை விரித்து வைத்திருந்ததைப் பார்த்து, "என்னம்மா, இவ்வளவு நேரமா ஒரே படத்தையே பாக்குற?" என்றார். நேரம் ஆக ஆக உடம்பில் மருந்து குறைவதைக் காட்டும் கோடு என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது மரத்துல பால் ஓடுற மாதிரில்ல இருக்கு. சீவுன உடனே கடகடன்னு ஓடும். அப்புறம் சொட்டும். வெயில் ஏறுனா நின்னுரும். ஓட்டத்தை வச்சா சம்பளம் போட்டாங்க? மங்குல எவ்வளவு சேந்துச்சோ அதான் கணக்கு" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கதிரியக்கச் செயற்பாடு, அதாவது பெக்கரல், ஒரு வினாடியில் எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று சொல்கிறது. அது ஓட்டத்தின் வேகம். டோஸுக்கு வேண்டியதோ மங்கில், அதாவது பால் சேரும் கிண்ணத்தில், சேர்ந்தது: அந்த உறுப்புக்குள் மொத்தம் எத்தனை சிதைவுகள் நடந்தன என்பது. கோட்டின் அடியில் உள்ள பரப்பளவுதான் அது. பழைய நூல்களில் இதற்குத் திரண்ட செயற்பாடு என்று பெயர். உடம்புக்குள் கொடுக்கும் கதிர்மருந்துக்கு டோஸ் கணக்கு முறையை வகுக்கும் மிர்ட் (MIRD) குழுவின் 2009 கைநூல் காலத்தால் தொகுத்த செயற்பாடு என்று பெயரை மாற்றியது. இரண்டும் ஒன்றுதான். வேறு வேறு என்று நினைத்து ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன்.

இரண்டு காரணங்களால் ஓட்டம் குறைகிறது. அணு தானாகச் சிதைவது ஒன்று, உடம்பு மருந்தை வெளியேற்றுவது இன்னொன்று. பௌதிக அரை ஆயுளின் தலைகீழையும் உயிரியல் அரை ஆயுளின் தலைகீழையும் கூட்டினால் பயனுறு அரை ஆயுளின் தலைகீழ் கிடைக்கும். நம் கணக்கில் பௌதிகம் 160 மணி நேரம், உயிரியல் 77 மணி நேரம். சேர்ந்து 52 ஆகிறது. எப்போதும் இரண்டில் சிறியதைவிடவும் சிறியதாகத்தான் விடை வரும். வராவிட்டால் எங்கோ தப்பு.

இப்போது கணக்கைப் போடுவோம். 7.4-ல் 3 விழுக்காடு 0.222 கிகாபெக்கரல். பரப்பளவுக்கு அரை ஆயுளை 1.443-ஆல் பெருக்க வேண்டும், 75 மணி நேரம். இரண்டையும் பெருக்கினால் 16.65 கிகாபெக்கரல்-மணி. லுட்டீசியத்தின் ஒவ்வொரு சிதைவும் எலக்ட்ரான்கள் வழியாகச் சராசரியாக 0.147 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலை விடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் மில்லிமீட்டர் கணக்கில்தான் பயணிக்கும் என்பதால் எல்லாம் சிறுநீரகத்திலேயே தங்குவதாக எடுத்துக்கொள்ளலாம். வினாடி, ஜூல் என்று மாற்றி முடித்தால், ஒரு கிலோ திசுவில் ஒரு கிகாபெக்கரல்-மணிக்கு 0.085 கிரே. இந்த ஒரு எண்ணை நீங்களே ஒருமுறை கையால் வருவித்துப் பாருங்கள். அப்புறம் 3600-ஆல் பெருக்க மறப்பது என்ற பேச்சே இருக்காது. 16.65-ஐ 0.085-ஆல் பெருக்கி 0.31-ஆல் வகுத்தால் சுமார் 4.6 கிரே. நான் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு!

வழக்கமான நான்கு சுற்றுகளுக்கு ஏறக்குறைய 18 கிரே. சிறுநீரகத்துக்கு அடிக்கடி சொல்லப்படும் 23 கிரே வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் அந்த 23 வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் சிகிச்சையின் அனுபவத்தில் வந்தது. அங்கே டோஸ் சில நிமிடங்களில் இறங்கும், இங்கே நாள் கணக்கில் மெல்ல இறங்கும், செல்லுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். தேர்வில் இதை ஒரு வரி எழுதினால் விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும். இன்னொன்று, எடை. இதே நோயாளிக்குச் சிறுநீரகம் 250 கிராம் மட்டும் இருந்தால் நான்கு சுற்றில் 22.6 கிரே, வரம்பைத் தொட்டுவிடுகிறது. மாதிரி மனிதரின் எடையை அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுவதற்கும் அவரவர் ஸ்கேனில் அளந்து போடுவதற்கும் இவ்வளவு வித்தியாசம். எனக்கு இந்தத் துறையில் மனம் ஒட்டியது இந்த இடத்தில்தான்.

எங்கள் பெரியம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய்க்காகப் பினாங்கில் அயோடின்-131 கொடுத்தார்கள். 100 மில்லிகியூரி (அதாவது 3.7 கிகாபெக்கரல்) என்று அட்டையில் எழுதியிருந்தது. "அவ்வளவும் கழுத்துக்கே போயிருச்சாம்மா?" என்று கேட்டார். பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், அதனால்தான் தனி அறையில் வைத்தார்கள் என்று அப்போது சொல்ல முடிந்தது. கழுத்தில் தங்கியதற்கு டோஸ் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.

அளக்கும் நேரங்களைப் பற்றியும் கேட்பார்கள். 4, 24, 96, 168 மணி என்று காமா கேமராவில் படம் எடுத்தால் கோடு நன்றாக அமையும். கடைசிப் படத்தை விட்டால் வால் பகுதியை ஊகத்தில்தான் வரைய வேண்டும், பிழை அங்கேதான் புகும். ஆனால் வலியோடு இருக்கும் நோயாளியை நான்கு முறை வரச் சொல்வது எளிதில்லை. 2018-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நான்காம் நாள் ஒரே ஒரு படம் போதும் என்று காட்டினார்கள். அன்றைய செயற்பாட்டை நேரத்தின் இரு மடங்கால் பெருக்கி 0.693-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் கணக்கில் 96-ஆம் மணியில் தொடக்கத்தின் 0.278 பங்கு மிஞ்சியிருக்கும். போட்டுப் பார்த்தால் 77 மணி நேரம் வரும், உண்மை விடை 75. இதை முதலில் சரிபார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

படிக்கும் முறை பற்றி ஒன்றே ஒன்று. சூத்திரத்தைத் தொடும் முன் கோட்டைக் கையால் வரையுங்கள், அரை மடக்கைத் தாளில் (ஓர் அச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள வரைபடத் தாள்). நான் இரண்டாம் முறை எழுதியபோது விடைத்தாளின் ஓரத்தில் முதலில் கோடுதான் போட்டேன்.

பெரியம்மாவின் கேள்வியையே ஒரு பயிற்சியாக்கித் தருகிறேன். எண்கள் நான் வைத்தவை. 3.7 கிகாபெக்கரல் அயோடின்-131, எஞ்சிய தைராய்டுத் திசு 2 கிராம், அதில் சேர்ந்தது 1 விழுக்காடு, பயனுறு அரை ஆயுள் 4 நாள், ஒரு சிதைவுக்கு எலக்ட்ரான் ஆற்றல் 0.19 எம்இவி. விடை 280 கிரேயை ஒட்டி வந்தால் சரி. 560 வந்தால் 8.02 நாளை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். 195 வந்தால் 1.443 விட்டுப்போயிருக்கிறது.